தங்கம் தேட 18 இன்ச் காயிலா, 8 இன்ச் காயிலா? ஒன்றுதான் வாங்க முடியும்

பெண்டிகோ_கொங்கன்:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் தங்கம் தேடும் மெட்டல் டிடெக்டர், பழைய மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000 ஒன்று வாங்கினேன். அதோடு கிடைத்தது 11 இன்ச் மோனோ காயில் ஒன்று மட்டும் (காயில் என்றால் நிலத்துக்கு மேல் வீசும் கம்பிச்சுருள் தட்டு; மோனோ என்றால் அனுப்பவும் வாங்கவும் ஒரே சுருள்). தங்கம் தேடுவதற்கான அனுமதிச் சீட்டு, மைனர்ஸ் ரைட், எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி டார்னகல்லா தாண்டி, அயர்ன்பார்க் என்ற யூகலிப்டஸ் மரக்காட்டுக்குள் ஒரு பள்ளத்துக்குப் போய்விடுவேன். எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் சிற்றோடை. அது மாதிரிதான் இதுவும். இரண்டு கரையிலும் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் வாரிப் போட்ட மண்மேடுகள் இருக்கின்றன.

இதுவரை கிடைத்த தங்கம் இரண்டே துண்டு. ஒன்று 1.1 கிராம், இன்னொன்று 0.4 கிராம். என் தாத்தாவுக்குக் கரூரில் நகைப் பட்டறை இருந்தது. குன்றிமணியைத் தராசில் போட்டு அவர் எடை பார்ப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் அந்தச் சின்னத் துண்டு மூன்று குன்றிமணிக்குக் கொஞ்சம் மேல். கையில் வைத்துப் பார்த்தபோது தாத்தா ஞாபகம்தான் வந்தது. மற்றபடி கிடைத்ததெல்லாம் ஈயக் குண்டு, பூட்ஸ் ஆணி, துப்பாக்கித் தோட்டா உறை.

இப்போது இரண்டு காயில் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 18 இன்ச் வட்ட மோனோ, மற்றது 8 இன்ச் மோனோ. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைப் பல வருடமாகப் பலரும் தேடிவிட்டார்கள் என்பதால், மேலே இருப்பதெல்லாம் போய்விட்டிருக்கும், ஆழத்தில்தான் மிச்சம் இருக்கும், எனவே 18 என்று என் மனம் சொல்கிறது. சரியா? என் ஒன்பது வயது மகனும் கூட வருகிறான், அவனும் கொஞ்ச நேரம் வீசிப் பார்க்க ஆசைப்படுகிறான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெல்பர்ன்_ரவுண்டு:

18 வாங்குங்கள். சின்னத் துண்டு எத்தனை கிடைத்தாலும் பெட்ரோல் காசுக்குக் காணாது. ஒரே ஒரு பெரிய கட்டி போதும். 1980இல் கிங்கோவரில் டிடெக்டரில் கிடைத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோ!

மோலியாகுல்_கிழவன்:

தம்பி, அவசரப்பட வேண்டாம். நான் இந்தப் பக்கத்துக் காடுகளில் பதினாறு வருடமாக நடக்கிறேன். நீங்கள் இப்போது கேட்கும் கேள்வியை நானும் கேட்டு, பிழையான பதிலை எடுத்து, ஒரு முழு மாரிகாலத்தை இழந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 27 கிலோக் கதை. அது கிடந்தது கிட்டத்தட்ட ஓரடி ஆழத்தில். அவ்வளவு பெரிய தங்கத்தை ஓரடியில் கேட்க 18 அங்குலக் கொயில் தேவையில்லை. 1869இல் மோலியாகுலில் எடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ இன்னும் பெரியது, 70 கிலோவுக்கு மேல். அது மண்ணுக்குள் 3 சென்ரிமீற்றர்தான் புதைந்திருந்தது, ஒரு மரத்தின் வேரடியில். எடுத்துக்கொண்டு போனால் டனோலியில் அதை நிறுக்கப் பெரிய தராசு இல்லை, பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். பெரிய கட்டி என்றால் ஆழத்தில்தான் கிடக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கொயிலைத் தீர்மானிப்பது நிலம். உங்கள் பள்ளத்தில் பாறை எத்தனை ஆழத்தில் தட்டுப்படுகிறது? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். தங்கம் பாரமானது, மண்ணுக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் பாறையின் மேலோ அதன் வெடிப்புகளிலோதான் தங்கும். ஒரு சாண் தோண்டினதும் சிலேட்டுப் பாறை வந்துவிடுகிற இடத்தில் 18 அங்குலத்துக்கு என்ன வேலை? அது கேட்கக்கூடிய ஆழத்தில் அங்கே மண்ணே இல்லையே.

நான் முதல் வாங்கினது 18தான். மோலியாகுலுக்குக் கிட்ட ஒரு மேட்டுச் சரிவில், பட்டியை மாட்டி, இழுவைக் கயிற்றில் தொங்கவிட்டு, மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை வீசினேன். குதிரை லாடம் இரண்டு, ஒரு குந்தாலித் தலை, கம்பித் துண்டுகள். இரண்டடி தோண்டி இரும்பை எடுத்துவிட்டுத் திரும்ப மூடுகிறபோது முதுகு விட்டுப்போகும். தங்கம் ஒரு துண்டுகூட இல்லை. அடுத்த வருடம் அதே சரிவில், அதே டிடெக்டரில் 8 அங்குலத்தைப் பூட்டிக்கொண்டு போனேன். நான்கு நாளில் பதினொரு துண்டு. எல்லாம் சேர்த்து 3 கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஒன்றும் கை அகலத்துக்குக் கீழே இல்லை. முழு மாரியும் அவற்றுக்கு மேலால்தான் நான் வீசியிருக்கிறேன், பெரிய கொயிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“பலரும் தேடின இடம், மேலே ஒன்றும் இருக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எதைக் கொண்டு தேடினார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் 11 அங்குலம், அல்லது அதைவிடப் பெரியது. மரத்தடி, வேர் இடுக்கு, விழுந்த கிளைகளுக்கு அடி, மண்மேட்டின் ஓரம், அங்கெல்லாம் பெரிய வட்டம் நிலத்தைத் தொடாது. நிலத்திலிருந்து ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டாலே சின்னத் தங்கத்தின் சத்தம் போய்விடும். ஆட்கள் விட்டுப்போன தங்கம் அங்கேதான் கிடக்கிறது.

இன்னொன்று, ஆணியும் ஈயமும். பெரிய கொயில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பொருளைக் கேட்கும், எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிக்க முடியாது. சின்னக் கொயில் ஒவ்வொன்றாகச் சொல்லும். சிவப்பு மண், இரும்புக் கல் நிறைந்த இடத்திலும் அப்படித்தான். சின்னக் கொயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் இருக்கும் மண் குறைவு, இரைச்சலும் குறைவு.

பெரியது வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடர்பர்ன் பக்கம் ஆழமான வண்டல் உள்ள ஒரு வாய்க்காலில், இரும்புக் குப்பை அவ்வளவாக இல்லாத இடத்தில், அதே 18தான் எனக்கு முழங்கை ஆழத்தில் ஒரு 21 கிராம் கட்டியைக் காட்டித் தந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்த ரீங்காரம் மெல்ல வளைந்து திரும்பினது, அவ்வளவுதான். 11 அங்குலத்தை அதே குழிக்கு மேலே வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நிலம் ஆழமென்றால் பெரியதுக்கு நிகர் இல்லை.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். 18ஐ ஒன்பது வயதுப் பிள்ளை வீச முடியாது, 8ஐ வீசலாம்.

சுருள்_கணக்கு:

கிழவன் ஐயா அனுபவத்தில் சொன்னதைக் கணக்கிலும் பார்க்கலாம். நான் மின்பொறியியல் படித்தவள், ஜீலாங்கில் மின்மாற்றி வேலை.

8 இன்ச், 16 இன்ச் என்று இரண்டு வட்டச் சுருள், இரண்டிலும் ஒரே சுற்று எண்ணிக்கை, ஒரே மின்னோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் நடுமையத்தில் சின்னதின் காந்தப்புலம் பெரியதைப்போல இரண்டு மடங்கு. நேர் கீழே 4 இன்ச் இறங்கினால் இரண்டும் ஏறக்குறைய சமம். 12 இன்ச் இறங்கினால் பெரியதின் புலம் சுமார் 2.7 மடங்கு. அனுப்பும்போது மட்டும் இல்லை, திரும்ப வாங்கும்போதும் இதே விகிதம்தான், எனவே சிக்னலில் வித்தியாசம் 7 மடங்குக்கு மேல் போகும். நிஜக் காயில்களில் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, அதனால் எண்கள் மாறும். ஆனால் போக்கு இதுதான். ஒரு கை அகலத்துக்குள் சின்னது ஜெயிக்கும், அதற்குக் கீழே பெரியது.

அப்படியானால் இரண்டு மடங்கு காயிலுக்கு இரண்டு மடங்கு ஆழம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. ஆழம் கூடக் கூடச் சின்னப் பொருளின் சிக்னல் தூரத்தின் ஆறாவது படியில் விழுகிறது. ஆழம் இரட்டித்தால் சிக்னல் 64இல் ஒரு பங்கு. பெரிய காயில் அதில் கொஞ்சத்தை மீட்டுத் தரும், முழுதும் இல்லை. அதோடு அது மண்ணின் இரைச்சலையும் கூடுதலாக வாங்கும்.

மோனோ காயிலில் பலர் கவனிக்காத ஒன்று: ஆழம் போகப் போக அது கேட்கும் அகலம் புனல் மாதிரி ஒடுங்கும். 18 இன்ச் தட்டை வீசினால் அடியில் 18 இன்ச் அகலமும் பார்த்தாகிவிட்டது என்று நினைத்து நடந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதிமேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் கீழே வரிவரியாகப் பார்க்காத மண் நிற்கும்.

பெண்டிகோ_கொங்கன்:

ஐயா, சகோதரி, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பாறை ஆழம் பற்றிக் கேட்டதும்தான் யோசித்தேன். நான் தோண்டின குழிகளில் பெரும்பாலும் 15 செ.மீ.க்குள் சிலேட்டு வந்துவிடும். ஓடை வளைவில் மட்டும் களிமண் ஆழமாகப் போகிறது. 8 வாங்கினால் 11ஐ விற்றுவிடலாமா?

மோலியாகுல்_கிழவன்:

விற்க வேண்டாம் தம்பி. புது நிலத்தைப் பார்க்க 11தான் நல்லது. 8ஐக் கொண்டு ஒரு காட்டையே அளக்க வெளிக்கிட்டால் பொழுது சாய்ந்துவிடும். 11இல் ஒரு துண்டு கிடைத்தால், அந்த இடத்தைச் சுற்றிப் பத்து மீற்றருக்கு 8ஐப் பூட்டி, நத்தை வேகத்தில், நிலத்தை உரசிக்கொண்டு வீசுங்கள். கொயிலுக்கு அடி மூடியும் சேர்த்து வாங்குங்கள், சரளையில் தேயும்.

ஒரு பழக்கமும் வேண்டும். சத்தம் கேட்டதும் தோண்டாதீர்கள். ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு, அடுத்த கொயிலை மாட்டி, ரியூன் செய்து, மண்ணின் இரைச்சலை அடக்கும் தரைச் சமநிலையும் எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் கேளுங்கள். ஐந்தாறு குச்சி சேர்ந்ததும் மாற்றினால் போதும். உங்கள் மண்ணில் எந்தக் கொயில் எதைச் சொல்கிறது என்று இதில்தான் பிடிபடும். குழிகளை மூடி, மேல் சருகையும் பரப்பிவிட்டு வாருங்கள்.

பெண்டிகோ_கொங்கன்:

மூன்று சனிக்கிழமை கழித்து எழுதுகிறேன். 8 இன்ச் வாங்கினேன், டிடெக்டரைச் சின்னத் தங்கத்துக்கான ‘ஃபைன் கோல்ட்’ டைமிங் அமைப்பில் வைத்து ஓட்டினேன்.

0.4 கிராம் கிடைத்த இடத்தைச் சுற்றி, ஐயா சொன்னபடி. முதல் சனி ஒன்றும் இல்லை, ஈயக் குண்டு ஒன்பது. இரண்டாவது சனி ஒரு அயர்ன்பார்க் வேருக்குப் பக்கத்தில் 0.6 கிராம், 7 செ.மீ. ஆழம். நேற்று இரண்டு துண்டு, 0.2 ஒன்று, 0.15 ஒன்று. அந்த 0.15ஐக் கண்டுபிடித்தது மகன். சத்தம் கேட்டதும் அவன் என்னைக் கூப்பிடவில்லை, தானே குச்சி நட்டுவிட்டு நின்றான். 11ஐ மாட்டி அதே இடத்தில் கேட்டேன், ஒன்றுமே இல்லை. மறுபடி 8ஐ மாட்டினால் தெளிவாகச் சொல்கிறது.

ஓடை வளைவுக் களிமண்ணில் ஒரு குச்சி எதிர்மாறாக இருந்தது. 11 மெதுவாக முனகியது, 8 பேசவில்லை. 35 செ.மீ. தோண்டியதில் குந்தாலியின் உடைந்த முனை வந்தது. அந்த வளைவு முழுவதையும் பெரிய காயிலில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஐயா, உங்கள் 18 இன்னும் கைவசம் இருந்தால், ஒரு சனிக்கிழமை நீங்களே அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு நான் கொண்டு வருகிறேன்.

மோலியாகுல்_கிழவன்:

இருக்கிறது. வருகிற சனி வருகிறேன். பிள்ளை கண்டுபிடித்த அந்த 0.15ஐ வேறாக ஒரு சின்னப் போத்தலில் போட்டு, திகதி எழுதி ஒட்டி வையுங்கள்.