22 பசங்க, 6 பந்து, பாதி கிரவுண்டு: பிராக்டிஸை எப்படிப் பிரிப்பது?

பெரம்பூர் லெஃப்ட் பேக்:
வணக்கம். வியாசர்பாடி பக்கம் ஒரு மைதானத்தில் 9 முதல் 12 வயது வரை 22 பசங்களுக்கு சனி, ஞாயிறு கால்பந்து கோச்சிங். ஒரு பாதியில் கிரிக்கெட் ஓடும். எங்களுக்குக் கிடைப்பது சுமார் 50க்கு 35 மீட்டர். நேரம் 75 நிமிடம். பந்து 6. நானும் ஒரு உதவியாளரும். ஷூட்டிங்குக்கு வரிசையில் நிறுத்தினால் பாதிப் பேர் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேட்ச் விட்டால் நாலு பெரிய பையன்கள் காலிலேயே பந்து. எப்படித் திட்டம் போடலாம்?

கோன் கணக்கு:
சார், வரிசைதான் வில்லன். ஆளுக்கு 12 விநாடி என்றாலும் 22 பேர் நின்றால் மறுமுறை வர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். வந்தவுடனே நாலு அணியாகப் பிரித்துவிடுங்கள் (6, 6, 5, 5). கடைசி வரை அதே அணிதான். ஒவ்வொரு பயிற்சிக்கும் புதிதாக ஆள் பிரிக்கப் போனால் 10 நிமிடம் அதிலேயே போய்விடும்.

பசங்க வருவதற்கு முன்பே கோனை (அடையாளக் கூம்பு) வைத்துவிடுங்கள். 30க்கு 20 மீட்டரில் இரண்டு ஆடுகளம், நடுவில் 5 மீட்டர் இடைவெளி. மூலைகளுக்கு 8 சிவப்புக் கோன். ஒவ்வொரு களத்திலும் எதிரெதிர் மூலையில் 10 மீட்டர் சதுரம். ஒரு முனைக்குச் சிவப்புக் கோன் ஏற்கெனவே இருப்பதால் சதுரத்துக்கு 3 மஞ்சள் போதும், மொத்தம் 12. ரோண்டோ (சுற்றி நிற்பவர்கள் பந்தைப் பாஸ் செய்ய, நடுவில் இருப்பவர் பறிக்கப் பார்க்கும் ஆட்டம்) முடிந்ததும் மஞ்சளை மட்டும் பொறுக்கினால் களம் தயார். கோலுக்கு 2 மீட்டர் அகலம். கோன் தீர்ந்தால் செருப்பு இருக்கவே இருக்கிறது.

நேரம்: பந்தோடு வார்ம் அப் 10 (6 பந்துதான் என்பதால் மூணு நாலு பேருக்கு ஒன்று), ரோண்டோ 15, தண்ணீர் 3, இருவருக்கு ஒருவர் (இருவர் பந்தோடு முன்னேற, ஒருவர் தடுப்பது) 17, தண்ணீர் 3, மேட்ச் 24, முடிவில் 3.

ரோண்டோவில் 5 பேர் அணிக்கு நடுவில் ஒருவர், 6 பேருக்கு இருவர். தப்பு செய்தவன் நடுவில் போகணும் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டம் வராத பையன் அங்கேயே மாட்டிக்கொண்டு மனசு விட்டுப்போவான். நிமிடத்துக்கு ஒரு விசில், ஆள் மாற்றம்.

இருவருக்கு ஒருவர் பயிற்சியில் எல்லாரும் செய்யும் தப்பு, பாஸை அவசரப்பட்டுத் தட்டிவிடுவது. டிஃபெண்டர் சும்மா நகர்ந்து அடுத்தவனைப் பிடித்துவிடுவான். அவனை நோக்கியே பந்தை ஓட்டிப் போய், இரண்டு எட்டு தூரம் இருக்கும்போது தட்டச் சொல்லுங்கள்.

மேட்ச் 7 நிமிடமாக 3 சுற்று. நாலு அணியும் ஒன்றோடொன்று மோதிவிடும். கோல்கீப்பர் வேண்டாம். பிப் (அணியைக் காட்ட சட்டை மேல் போடும் கையில்லா மேலாடை) மூன்று நிறத்தில் ஆறாறு, 18 போதும். நாலாவது அணி பிப் இல்லாமல். (துவைக்கும் பொறுப்பை இப்போதே யார் தலையிலாவது கட்டிவிடுங்கள்.)

காலை ஆறு மணி:
மேலே சொன்னது சரி. ஆனால் பெரிய பையன் பிரச்சினை அதில் பாதிதான் தீரும். ரோண்டோவுக்கும் மேட்சுக்கும் ஒரே அணி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரோண்டோவில் சமமான ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடட்டும். மேட்சுக்குக் கலந்து போடுங்கள், அணிக்கு ஒரு பெரியவன்.

இன்னும் சில. இந்த வயதுக்கு 4ஆம் நம்பர் பந்து. பெரியவர்களுக்கான 5ஆம் நம்பரைக் கொடுத்தால் பொடிசுகள் காலைப் பின்னுக்கு இழுத்து முனைவிரலால் குத்தப் பழகிவிடும். கெட்டித் தரையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து அடியுங்கள், துள்ளல் அடங்கும். ஹெட்டிங் (பந்தைத் தலையால் முட்டுவது) பயிற்சி வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே 10 வயது வரை அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி 7:15க்குள் முடியுங்கள். மாலை 4 மணி வெயிலில் செயற்கைப் புல் டர்ஃப் மண் தரையை விட அதிகமாகச் சுடும், வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் யோசியுங்கள். தாகம் என்று கேட்ட பிறகு தண்ணீர் கொடுப்பது தாமதம். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் குடிக்கணும். ஒருவன் தள்ளாடினால், குழறிப் பேசினால் உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், கையோடு ஆஸ்பத்திரி. ஐப்பசி மழைக்காலத்தில் இடி கேட்டால் கிரவுண்டைக் காலி செய்யுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது.

பெரம்பூர் லெஃப்ட் பேக்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: ஞாயிறு கல்யாணம், டியூஷன் என்று 17 பேர்தான் வருவார்கள். அப்போது?

கோன் கணக்கு:
4, 4, 4, 5. களத்தின் சிவப்புக் கோனை நகர்த்தவே வேண்டாம். ரோண்டோவில் நாலு பேர் அணிக்கு 3க்கு 1. சதுரத்தை மட்டும் நாலு காலடி சுருக்குங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருப்பவன் ஓடி ஓடியே களைத்துவிடுவான். மேட்சில் 5 பேர் அணியிலிருந்து ஒருவனை ஜோக்கராக விடுங்கள்: பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அவன் அந்தப் பக்கம். சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றுங்கள். முதல் ஜோக்கர், பந்து குறைவாகக் கிடைக்கும் பையனாக இருக்கட்டும்.