தறி ஓடும் வீட்டில் போட்டி விளையாட்டு: ரூ. 3,000க்குள் எந்த ஹெட்போன் வாங்கலாம்?

வீரவநல்லூரான்:

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். நான் வீரவநல்லூரில் இருக்கிறேன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேரோடு தினமும் மாலையில் வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வகையான கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுவதும் உண்டு. அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஒரு போட்டிக்கு ஐந்து பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.

என் சிக்கல் காலடிச் சத்தம். இப்போது ப்ளூடூத் இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன். எதிராளி இடப்பக்கம் வரும்போது நான் வலப்பக்கம் திரும்புகிறேன். சில நேரம் காலடி கேட்கும்போதே அவன் எதிரில் நிற்கிறான். அதே இயர்பட்ஸில் பாட்டுக் கேட்டால் மிகத் தெளிவாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருக்கின்றன. அப்பாவும் சித்தப்பாவும் இரவு எட்டு மணி வரை நெய்வார்கள். நாடா ஓடும் சத்தமும் தலைக்கு மேல் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து கொள்வதால் ஒலியைக் கூட்டி வைத்தே ஆட வேண்டியிருக்கிறது. கணினி பழையது, கைமாறி வந்தது. அதன் முன்பக்கத் துளையில் எதைச் செருகினாலும் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது.

சென்ற வாரம் நெல்லை ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனபோது, விளக்கு எரியும் யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றை எடுத்துக் காட்டி, 7.1, அதாவது எட்டு ஸ்பீக்கர்கள் சுற்றி இருப்பது போன்ற ஒலி, இருந்தால்தான் திசை தெரியும் என்றார்கள். விலை ரூ. 2,400. அது உண்மையா? தறிக்கு நூல் தார் சுற்றிச் சேர்த்த பணம் மூவாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது, மைக்கும் அதற்குள் அடங்க வேண்டும். ஒருமுறைதான் வாங்க முடியும் என்பதால் கேட்டு வாங்க விரும்புகிறேன்.

பாளை மைக்செட்:

தம்பி, நான் பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மைக் செட் தொழில் செய்கிறேன். என் மகனும் இதே விளையாட்டை ஆடுவதால், இந்தக் குழப்பம் எங்கள் வீட்டுக்கும் வந்து போனதுதான்.

முதலில் உங்கள் இயர்பட்ஸைப் பார்ப்போம். பாட்டுக் கேட்கும்போது ப்ளூடூத் இரண்டு காதுகளுக்கும் தனித்தனி ஒலியை அனுப்புகிறது. ஆனால் நண்பர்களோடு பேசுவதற்கு அதே இயர்பட்ஸின் மைக்கைத் திறந்த உடனே, பெரும்பாலான ப்ளூடூத் கருவிகள் தொலைபேசிப் பேச்சுக்கென்று வகுக்கப்பட்ட முறைக்கு மாறிவிடுகின்றன. அந்த முறையில் இரண்டு காதுகளுக்கும் ஒரே ஒலிதான் வரும். அதுவும் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கப்பட்ட மங்கலான ஒலி. இடமும் வலமும் ஒன்றாகிவிட்ட பிறகு எவ்வளவு கூர்மையான காதாலும் திசை கண்டுபிடிக்க முடியாது. தாமதமும் இருக்கிறது: ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. முறையில் ஒலி வந்து சேர 150 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகும், அந்த இடைவெளியில் எதிராளி மூலையைத் தாண்டிவிடுவான். ஆகவே உங்கள் தேவைக்கு வயர் உள்ளதே சரி. கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் கம்பியில்லா ஹெட்செட்டுகளில் தாமதம் மிகக் குறைவுதான். ஆனால் மூவாயிரத்துக்குள் அந்த வகையில் நல்லதை நான் பார்த்ததில்லை.

அடுத்தது 7.1. நமக்கு இருப்பது இரண்டு காதுகள். ஹெட்செட்டிலும் காதுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்களே இருக்கும். பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்த பின் மறு காதை அடைய அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லிவினாடி வரை பிந்துகிறது. தலை மறைப்பதால் அந்த மறு காதில் கூர்மையான ஒலிகளின் அளவும் குறைகிறது. இவ்விரண்டு வேறுபாடுகளைக் கொண்டே இடம், வலம் தெரிகிறது. ஒலி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, மாடியில் இருக்கிறதா என்பதைக் காது மடலின் மடிப்புகள் ஒலியை மாற்றும் விதத்தில் இருந்து மூளை அறிந்து கொள்கிறது. இந்த வேலை முழுவதையும் கணக்கிட்டு இரண்டு காதுகளுக்கான ஒலியாகத் தரும் முறைக்கு எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். வலோரன்டின் ஆடியோ அமைப்புகளில் அதை இயக்கும் வசதி இருக்கிறது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 தானாகவே அதைச் செய்கிறது. விளையாட்டு ஒருமுறை கணக்கிட்டுத் தந்த ஒலியை ஹெட்செட்டின் 7.1 மென்பொருள் மறுபடியும் கலக்கினால், சலித்த மாவில் மண்ணைக் கொட்டியது போல் ஆகிவிடும். எதை வாங்கினாலும் வலோரன்டில் எச்.ஆர்.டி.எஃப். இயங்கட்டும், ஸ்பீக்கர் அமைப்பு ஸ்டீரியோவாகவும், விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்ட் அணைந்தும் இருக்கட்டும்.

கொடை விழாவில் நையாண்டி மேளம் இரண்டு தெரு தள்ளி வரும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் தவிலின் கனத்த அடி மட்டும் கேட்கும், எந்தப் பக்கம் என்று சொல்ல வராது. மேளம் நம் தெருவுக்குள் திரும்பியதும் தாளத்தின் கூர்மையான ஒலி வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டிக் காட்டிவிடலாம். காலடியின் திசையும் அத்தகைய கூர்மையான பகுதியில்தான் அதிகம் இருக்கிறது. பேஸைத் தூக்கி வைத்த ஹெட்செட்டில் குண்டு வெடிக்கும்போது அந்தக் கனத்த ஒலி மற்ற மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும். கடையில் கேட்கும்போது நன்றாக அதிர்கிறதே என்று மயங்கி வாங்குபவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

திறந்த முதுகுள்ள ஹெட்போனில் வெளி விரிந்து கேட்கும் என்று பலரும் பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 போன்றவற்றைப் பரிந்துரைப்பார்கள். அமைதியான அறைக்கு அது அருமையான பொருள். தறி ஓடும் வீட்டில் தறிச் சத்தம் அப்படியே உள்ளே வந்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது காதுத் துளையை அடைக்கும் ஐ.இ.எம். வகை இயர்போன்.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி சொன்னதோடு உடன்படுகிறேன். நான் மூன்று ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடி வருகிறேன். வாங்கிக் கெட்ட கதையும் என்னிடம் உண்டு. விளக்குகள் எரியும் ஒரு 7.1 ஹெட்செட்டை இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன். எட்டாவது மாதம் வலக்காதுப் பக்கம் வயர் உள்ளுக்குள் அறுந்தது. கழற்றி மாற்ற முடியாத வயர் என்பதால் பழுது பார்க்கவும் ஆளில்லை, உத்தரவாதத்தைக் கேட்டு அலைந்ததில் போக்குவரத்துச் செலவுதான் மிஞ்சியது. அதனால் தம்பி, வயரைக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்பதை விலைக்கு அடுத்தபடியாகப் பாருங்கள்.

மூன்ட்ராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2, ட்ரூத்இயர் கேட் ஆகிய மூன்று ஐ.இ.எம்.களையும் நான் காதில் வைத்து ஆடிப் பார்த்திருக்கிறேன். மூன்றும் இரண்டாயிரத்தை ஒட்டிய விலையில் கிடைப்பவை, மூன்றிலும் வயரைக் கழற்றலாம். சூ என்ற பழைய மாதிரியில் வயர் நிலையானது, பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்து அதை வாங்கிவிடாதீர்கள். ஜீரோ 2 சற்றே பேஸ் கூடியது, பாட்டுக்கும் சேர்த்து வாங்குபவருக்கு ஏற்றது. காலடிக்காக மட்டும் என்றால் நான் சூ 2 பக்கம் சாய்வேன். உண்மையைச் சொன்னால் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, காதுக்குப் பொருந்தாத ரப்பர் முனைக்கும் பொருந்தும் முனைக்கும் உள்ள வேறுபாட்டை விடச் சிறியது.

மைக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சட்டையில் மாட்டும் காலர் மைக் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை எல்லாத் திசை ஒலியையும் வாங்குபவை, உங்கள் தறியை நால்வருக்கும் சேர்த்து ஒலிபரப்பிவிடும். மைக் உள்ள வயரோடு வரும் வகையை வாங்கி, பேசும்போது மட்டும் விசையை அழுத்திப் பேசுங்கள். வலோரன்டில் அணிப் பேச்சுக்கு அது ‘வி’ விசை. ஐவரும் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் பேசுவதானால் அங்கே உள்ள கிரிஸ்ப் இரைச்சல் நீக்கியையும் இயக்கிவிடலாம்.

விண்டோஸில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் மெல்லிய காலடியும் உரக்கக் கேட்கும், நான் அதை வைத்துத்தான் ஆடுகிறேன்.

பாளை மைக்செட்:

தென்காசித் தம்பி, கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த அமைப்பு மெல்லியதை உயர்த்தி, பெரியதை அடக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அப்படியானால் பக்கத்தில் வருபவனின் காலடியும் தொலைவில் ஓடுபவனின் காலடியும் ஒன்று போலக் கேட்கும். நீங்கள் மூன்று ஆண்டுப் பழக்கத்தில் வேறு குறிப்புகளைக் கொண்டு ஈடு செய்து கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாகக் காதைப் பழக்குபவருக்கு அது தொலைவைத் தவறாகக் கற்றுக் கொடுக்கும்.

முணுமுணுப்பைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். பழைய கணினியின் முன்பக்கத் துளைக்குப் போகும் வயர் உள்ளே மின்சுற்றுகளை ஒட்டிப் போவதால் இரைச்சலை வாங்கிக் கொள்கிறது. யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ஒலி அட்டை ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒலிக்கும் மைக்குக்கும் ஒரே துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால், மைக் வைத்த இயர்போன் வயரைப் பிரித்துக் கொடுக்கும் தனிக் கேபிளும் தேவைப்படாது. அதற்குப் பிறகும் முணுமுணுத்தால் வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். அது விளையாட்டுக்காக மட்டும் பார்க்க வேண்டியதன்று.

செவித்திறன் பரிசோதகர்:

தம்பி, நான் செவித்திறன் பரிசோதனைப் பணியில் இருக்கிறேன். ஒலியைக் கூட்டி வைத்தே ஆடுவதாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி என்னைக் கவலைப்பட வைத்தது. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது, காது தாங்கும் நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் அது 20 மணி நேரம்தான். நீங்கள் பகலில் தறிக்கு அருகில் இருக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஐ.இ.எம். வாங்குவது இந்த வகையிலும் நல்ல முடிவு, ஏனென்றால் வெளிச் சத்தம் அடைபட்டால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே குறைகிறது. ஆனால் ஒலி அளவைத் தறி நிற்கும் இரவு நேரத்தில் அமைத்து, எங்கே வைத்தீர்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். தறி ஓடும்போது அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஆடி முடித்த பின் காதில் இரைச்சலோ அடைத்தது போன்ற உணர்வோ இருந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். வெயில் காலத்தில் மணிக்கணக்கில் கழற்றாமல் வைத்திருந்தால் வியர்வை தங்கிக் காதில் பூஞ்சை வரலாம், பலர் அதோடு எங்களிடம் வருகிறார்கள். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் கழற்றி வையுங்கள், ரப்பர் முனைகளைத் துடைத்து உலரவிடுங்கள், நண்பர்களோடு மாற்றிப் போடாதீர்கள்.

நல்ல இயர்போன் போட்ட பிறகும் ஒலி எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கேட்டால், இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் குறை கருவியில் இருக்கிறது. மாறாமல் அதே காதில் நின்றால் காதைச் சோதித்துக் கொள்ள வேண்டும். அழுக்கு அடைத்திருப்பதே பல நேரங்களில் காரணமாக இருக்கும்.

வீரவநல்லூரான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மைக் வைத்த சூ 2-ஐயும், ஒரே துளை உள்ள யு.எஸ்.பி. ஒலி அட்டையையும் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. முணுமுணுப்பு முற்றிலும் நின்றுவிட்டது. எச்.ஆர்.டி.எஃப். இதுவரை அணைந்தே கிடந்திருக்கிறது என்பது அமைப்புகளைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. லவுட்னஸ் ஈக்வலைசேஷனை இரண்டு நாள் இயக்கியும் இரண்டு நாள் அணைத்தும் ஆடிப் பார்த்தேன். அணைத்தபோது மெல்லிய காலடிகள் சில தவறின, ஆனால் வருபவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பது தெரிந்தது. அணைத்தே வைத்திருக்கிறேன்.

செவித்திறன் பரிசோதகர் அக்கா சொன்னபடி இரவு ஒன்பது மணிக்கு ஒலியை அமைத்தேன், விண்டோஸில் 34-இல் நிற்கிறது. முன்பு 90க்கு மேல் வைத்திருந்தேன். கருவிகள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் ஆடி எழுந்த பிறகு இருக்கும் அந்த அடைப்பு இப்போது இல்லை.

ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. வலக்காதில் நடு அளவு முனை கச்சிதமாக நிற்கிறது, இடக்காதில் அதே முனை பேசும்போது தளர்ந்து, தறிச் சத்தம் உள்ளே வருகிறது. இரண்டு காதுகளுக்கும் வேறு வேறு அளவு போடலாமா?

பாளை மைக்செட்:

போடலாம் தம்பி, பலருக்கு இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. இடக்காதுக்குப் பெரிய முனையை மாட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துக் கொண்டு உள்ளே வையுங்கள். பிறகு வாயைத் திறந்து மூடிப் பார்த்தால் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.