பாறை ஏறுவதற்காக மாற்றிய ஜிப்சியை எப்படி விற்பது? உதவி தேவை

பேட்டை ஜிப்சி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2012 மாருதி ஜிப்சி, பெட்ரோல், டி.என்.72 (திருநெல்வேலி) பதிவு, முதல் ஓனர் நான்தான். கங்கைகொண்டான் பக்கம் சொந்தக்காரர் பட்டா நிலத்தில் வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே பாறை ஏறுவதற்காகவே இந்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். வண்டி உயர்ந்து நிற்க, ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலுக்கு (சக்கரங்களை இணைக்கும் அச்சு) மேலே ஏற்றியிருக்கிறேன். 31 இஞ்ச் மட் டயர், முன்னும் பின்னும் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்து சுழல வைப்பது), டிரான்ஸ்ஃபர் கேஸில் (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) லோ கியர் செட், வின்ச் (வண்டியை இழுக்கும் கேபிள் உருளை), ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) எல்லாம் உண்டு. இன்ஜினில் கை வைக்கவில்லை.

வீடு கட்ட ஆரம்பித்தாயிற்று, பணம் தேவை. வண்ணார்பேட்டை புரோக்கர்கள் சாதா ஜிப்சி விலையிலும் குறைத்துத்தான் கேட்கிறார்கள். கோட்டயத்துக்காரர் ஒருவர் அப்படியே எடுத்துக்கொள்கிறாராம். "ஓனர் பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? பிரித்து விற்க மனசே வரவில்லை.

ஆர்.சி. புக்:
கையெழுத்து மட்டும் போட்டு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து என்றால் நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. கேரளாவுக்குப் போகிற வண்டி என்றால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஆர்.சி. 2027-ல் முடியும். புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் இந்தக் கோலத்தில் நிறுத்த முடியாது. வாங்குகிறவருக்கும் இதே தலைவலிதான்.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி:
புரோக்கர் குறைத்துக் கேட்பதும் இதனால்தான். கழற்றிப் பழையபடி மாட்டுகிற செலவை அவர் முதலிலேயே கழித்துவிடுகிறார். அந்த வேலையை நீங்களே செய்துவிட்டால் அந்தக் காசு உங்களுக்கு.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழேதான் வரும். மேலே ஏற்ற, ஆக்சில் குழாயில் புதுச் சீட் (பட்டை உட்காருகிற இரும்புத் தாங்கி) வெல்டு வைத்திருப்பார்கள். பழைய சீட்டை அறுக்காமல் விட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அறுத்திருந்தால் பழைய ஆக்சில் ஹவுசிங் (வெளிக்கூடு) தேட வேண்டும். அப்புறம் நீளமாக்கிய பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் ராடு எல்லாம் பழையபடி வர வேண்டும்.

ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சேஸை மண் போகக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்டுப் பாறையில் திருப்பின வண்டிக்கு அங்கேதான் முடி போலக் கீறல் விழும். முன் நக்கிள் உருண்டையையும் (முன் சக்கரம் திரும்புகிற மூட்டு) துடைத்துப் பாருங்கள். கிரீஸ் கெட்டியாக இல்லாமல் தண்ணியாக வடிந்தால், உள் சீல் போய் டிஃப் (ஆக்சில் நடுவில் இருக்கிற கியர் பெட்டி) ஆயில் கலக்கிறது. சின்ன வேலைதான், ஆனால் விவரம் தெரிந்தவர் முதலில் விரல் வைத்துப் பார்க்கிற இடம் அது.

பேட்டை ஜிப்சி:
பழைய சீட் நாலும் அப்படியே இருக்கிறது அண்ணாச்சி. பழைய பட்டை, டயர், கியர் எல்லாம் மாடியில் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் பக்கம் கீறல் இல்லை. வலது நக்கிளில் மட்டும் ஆயில் வடிகிறது. கோட்டயத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி:
அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். வண்டியைச் சாதா ஜிப்சியாக நிறுத்துங்கள். ஜிப்சி உற்பத்தி நின்றுபோனதால், துருப்பிடிக்காத சேஸுக்கு ஆள் தேடி வரும். லாக்கர் இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுங்கள். ஆக்சில் பல்லுக்குப் பொருந்தினால்தான் ஆகும் என்பதால் ஜிப்சிக்காரர்தான் வாங்குவார். டயரையும் ரிம்மையும் தனியே பிரிக்காதீர்கள்.

வள்ளியூர் பையன்:
அண்ணே, எங்கள் தோட்டத்தில் ஓடுகிற ஜிப்சிக்கு வின்ச்சும் லோ கியர் செட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

பேட்டை ஜிப்சி:
வாங்க தம்பி. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்க, எந்த வாஷர் எங்கே உட்காருகிறது என்று போட்டோ எடுத்துக்கலாம்.