யன்னலோரம் உப்பு வைத்தால் வீட்டு ஈரம் போகுமா?

கொக்குவிலான்:
யன்னலோரம் ஒரு கிண்ணம் உப்பு வைத்தால் கண்ணாடியில் நீர் கோக்காது, அறையின் ஈரமெல்லாம் போய்விடும் என்று இலண்டன்வாசி நேற்று எழுதியிருக்கிறார். கார்த்திகை மாரியில் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்து பார்த்தாரா? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீர்விட்டுக் கரையும். எங்கள் வீட்டில் கிண்ணம் வழிந்து, யன்னல் கம்பியின் அடி கறள் பிடித்துப் பொருக்குப் பொருக்காகக் கழன்றது.

இலண்டன்வாசி:
கரைகிறது என்றால் ஈரத்தை இழுக்கிறது என்றுதானே பொருள்? எனக்காக நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

கொக்குவிலான்:
இழுப்பது ஒரு கோப்பைத் தண்ணீர். அறைக்குள் கொடி கட்டி உடுப்புக் காயவிட்டால் அதைப்போலப் பல மடங்கு ஈரம் காற்றில் சேரும். உங்கள் ஊரில் வெளியே குளிர். கண்ணாடியின் உட்புறம் வியர்க்கிறது. இங்கே ஏசியை 18 பாகையில் விட்டு உறங்கும் வீட்டில் வெளிப்புறம் வியர்க்கிறது. 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் நீராகப் படியும். வெளியே வழியும் நீரை உள்ளே இருக்கும் உப்பு எப்படி உறிஞ்சும்?

நாற்சார்வீட்டாள்:
நடுவே முற்றம் வைத்து எங்கள் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டில் பூஞ்சணமே கிடையாது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும். சீமெந்து பூசி, பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்து, அலுமினிய யன்னலை இறுக்கிச் சாத்தியவர்கள்தான் அலுமாரிக்குள் கூறைச்சேலை பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று அழுகிறார்கள்.

கொக்குவிலான்:
கிணற்றுத் தண்ணீர் விவாதத்திலும் பாட்டனாரைத்தான் கூட்டி வந்தீர்கள். மாரிச் சாரல் முற்றம் வழியாகத் திண்ணை முழுவதும் அடிப்பதைச் சொல்லவில்லையே!

நாற்சார்வீட்டாள்:
எங்கள் முற்றத்துக்கு மழைநீர் வழிந்தோடப் பீலி உண்டு. பெரியவர்களை இழுத்துப் பேசாதீர்கள்.

பருத்தித்துறையான்:
ஆனையிறவுக் கல்லுப்பு வைத்தால் கரையாது. கடைத் தூளுப்பை வைத்துவிட்டுக் குறை சொல்கிறார்கள்.

கொக்குவிலான்:
நேர்மாறு, தம்பி. சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டு இருக்கும். அது இன்னும் விரைவாக நீர்விடும். மாரியில் குசினிச் சாடியைத் திறந்து பாரும். வேண்டியது காற்றோட்டம். மழை விட்டு வெயில் எறிக்கும்போது எதிரெதிர் யன்னல்களைத் திறக்க வேண்டும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஏசியை 26 பாகைக்கு உயர்த்த வேண்டும்.

பருத்தித்துறையான்:
ஆனையிறவு உப்பைப் பழிக்க உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? கொக்குவிலில் உப்பளம் உண்டா?

இலண்டன்வாசி:
என் கிண்ணத்தில் இன்று காலையும் நீர் கோத்திருந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கொக்குவிலான்:
வெளியே வழியும் நீரை உள்ளே இருக்கும் உப்பு எப்படி உறிஞ்சும் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.