பழைய ஜிப்சன் மாண்டலின்: பிக்கார்ட் உதிர்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: கலமஸூ_பித்தன்

ஓஹாயோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஜிப்சன் கம்பெனியின் ஏ மாடல் மாண்டலின் ஒன்று கிடைத்தது. முட்டை வடிவத் துளை, பம்கின் டாப் என்பார்களே அந்த ஆரஞ்சு நிறம், கழுத்தில் டிரஸ் ராட் (கழுத்து வளையாமல் உள்ளே தாங்கும் உலோகத் தண்டு) கிடையாது, அதனால் 1922க்கு முந்தியதாகத்தான் இருக்கும். மரத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. தொல்லையெல்லாம் பிக்கார்டில்தான், அதாவது மீட்டும்போது மரம் கீறாமல் காக்கும் தகட்டில். ஓரம் சுருண்டு, பழுப்புத் தூளாக உதிர்கிறது. பெட்டியைத் திறந்தால் கற்பூர நெடி, கூடவே மூக்கைக் குத்தும் புளித்த வாடை. புதுக் கம்பி மாட்டிக் கொஞ்ச நாளிலேயே பிக்கார்டுக்கு மேலே போகும் ஈ, ஏ கம்பிகள் அந்த இடத்தில் மட்டும் கறுத்துத் துருவேறிவிட்டன. பழைய பாகம் ஆயிற்றே, பசை போட்டு ஒட்டிவிடலாமா?

பழையமரம்

ஒட்டவே ஒட்டாதீங்க. இன்றைக்கே கழற்றி வெளியே எடுங்க. அது செல்லுலாய்டு, அதாவது நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்தது. வயசாகிச் சிதையும்போது அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவிக்குப் போக வழியில்லை, அதனால் பிக்கார்டையே இன்னும் வேகமாகச் சிதைத்து, கம்பி, டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் பாகம்), டியூனர் (சுருதி கூட்டும் முறுக்காணி) என்று உலோகத்தையெல்லாம் அரிக்கும். அப்புறம் பைண்டிங்கும், அதாவது உடலின் விளிம்பில் ஓடும் பட்டையும், செல்லுலாய்டுதான், அதுவும் கெட ஆரம்பித்தால் வேலை பெரிசு.

நாலுஜோடி

கழற்றுவது சரி, ஆனால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஒரிஜினல் பாகம் இல்லாத கருவிக்கு மதிப்புக் குறையும். அட்டையில் வைத்து வெளிக்கோட்டை வரைந்து, பிக்கார்டைப் பிடிக்கும் ஊசி இறங்கும் ஓட்டைகள் எங்கே என்று குறித்துவையுங்கள், பக்கவாட்டில் பிடிக்கும் அந்த உலோகக் கிளாம்பையும் பத்திரப்படுத்துங்கள். அந்த அளவு கையில் இருந்தால் நல்ல லூத்தியர் (தந்தி வாத்தியம் செய்து பழுதுபார்ப்பவர்) அதே மாதிரி புதிதாக வெட்டித் தருவார்.

பழையமரம்

ஆமாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது, அடுப்பு, ஹீட்டர் பக்கமும் வேண்டாம், செல்லுலாய்டு பற்றினால் சட்டென்று எரிந்துவிடும். காகித உறையில் போட்டு, குளிர்ச்சியான காற்றோட்டமான இடத்தில், மற்ற வாத்தியங்களை விட்டுத் தள்ளி வையுங்க. பெட்டியைத் திறந்துபோட்டு நன்றாகக் காற்றாட விடுங்க. வாடை முழுசாகப் போகும் வரை மாண்டலின் அதற்குள் போகக் கூடாது.

கலமஸூ_பித்தன்

கழற்றிவிட்டேன், ரொம்ப நன்றி. பிக்கார்ட் மறைத்திருந்த இடத்தில் மரம் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது! கிளாம்பும் டியூனர் பற்களும் பச்சை பூத்திருக்கின்றன. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? கம்பி என்ன கனத்தில் போட?

நாலுஜோடி

ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். அந்தக் காலப் பூச்சு ஆல்கஹாலில் கரையும், ஒரு சொட்டு பட்டாலும் தழும்பு நிற்கும். டியூனரைக் கழற்றித் தனியே வைத்து, காய்ந்த பழைய பல்துலக்கியால் தேயுங்கள், பிறகு டியூனர் பல்லுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். கழற்றும்போது டியூனரைத் திருகும் குமிழ்களையும் பாருங்கள், அவையும் செல்லுலாய்டாக இருக்கலாம். நொறுங்கினால் அவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

கம்பி .010 அங்குலக் கனத்தில் தொடங்கும் லைட் செட் (மெல்லிய கம்பிகள்) போடுங்கள். டிரஸ் ராட் இல்லாத கழுத்துக்கு அதைவிடத் தடித்த மீடியம் செட் பாரம், நாளடைவில் கழுத்து வளையும், மேல்பலகையும் அமுங்கும். எட்டுக் கம்பியையும் ஒரேயடியாக அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றினால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இடம் நகராது.