கல்யாணப் பத்திரிகை எபிகே: அப்பா போனை எப்படி மீட்பது?

பனங்காடு (கேள்வி)

வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு எபிகே (ப்ளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக நிறுவும்) ஃபைல். அப்பா அதைத் திறந்து, கேட்டதுக்கெல்லாம் ‘அலவ்’ கொடுத்திருக்கிறார். இப்போது அந்த ஐகானையே காணோம். நேற்று இரவிலிருந்து அவர் வாட்ஸ்அப்பிலிருந்து அதே ஃபைல் உறவுக்காரர்கள் குரூப்புக்கெல்லாம் போகிறது. ஆண்ட்ராய்டு 12 போன். பென்ஷன் வரும் பேங்க் கணக்கு, யுபிஐ எல்லாம் அந்த நம்பரில்தான். பணம் இதுவரை போகவில்லை.

ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது) அடித்தால் போதுமா? *#21# அடித்தால் ஹேக் ஆனது தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

கம்பிவடம்

ரீசெட் கடைசியில். முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு சிம்மை வெளியே எடுங்கள். ஒரு பட்டன் போனில் அந்த சிம்மைப் போடுங்கள். இனி வரும் ஓடிபி எல்லாம் அதில்தான் விழும், அந்த ஆப்பின் கண்ணில் படாது. பட்டன் போன்தான் நல்லது.

இந்த வகை எபிகேயின் குறி எஸ்எம்எஸ் அனுமதி. காரணம் யுபிஐ வேலை செய்யும் விதம். புதிய போனில் யுபிஐ ஆப்பைப் பதிவு செய்யும்போது, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். அதை வைத்துத்தான் நம்பர் யாருடையது என்று உறுதி செய்கிறார்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதி திருடன் கையில் இருந்தால், அவன் போனில் பதிவைத் தொடங்கி, அந்த எஸ்எம்எஸ்ஸை மட்டும் உங்கள் அப்பா போனிலிருந்து அனுப்ப வைக்கலாம். அதன் பிறகு யுபிஐ பின் மாற்ற, பல பேங்குகளில் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதம், ஒரு ஓடிபி போதும். அதனால் அப்பாவிடம் இதைக் கேளுங்கள்: அந்த ஆப் கார்டு நம்பரோ ஆதாரோ பிறந்த தேதியோ கேட்டதா, அவர் அடித்தாரா? அடித்திருந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் பேங்குக்கு அழைக்க வேண்டும்.

பேங்கில் ‘டெபிட் ஃப்ரீஸ்’ என்று கேளுங்கள். பணம் வெளியே போவதுதான் நிற்கும், பென்ஷன் வழக்கம்போல் உள்ளே வரும். கார்டு பிளாக், நெட் பேங்கிங் நிறுத்தம், அந்த நம்பரின் யுபிஐ பதிவு நீக்கம் மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்க மறக்க வேண்டாம். பேங்க் நம்பரை கூகுளில் தேடாமல் கார்டின் பின்பக்கம் பார்த்து அடியுங்கள். தேடலில் போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் நிறைய.

நீலக்குயில்

*#21# பற்றி: அது கால் ஃபார்வர்டிங் (வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்புவது) நிலையை மட்டும் சொல்லும். உளவு ஆப் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. *#62# அடித்து ஏதோ ஒரு நம்பர் வந்ததும் ஹேக் என்று பதறுகிறார்கள். போன் அணைந்திருக்கும்போது அழைப்பு போய்ச் சேரும் நெட்வொர்க்கின் சொந்த நம்பராகவே அது பெரும்பாலும் இருக்கும். இந்தக் கோடுகள் எல்லா நெட்வொர்க்கிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே நிச்சயமான வழி. ‘ஆல்வேஸ் ஃபார்வர்டு’ என்பதில் தெரியாத 10 இலக்க எண் இருந்தால் உடனே அணையுங்கள். யாராவது *401* என்று தொடங்கி ஒரு எண்ணை அடிக்கச் சொன்னால் அடிக்கவே கூடாது, அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போய்விடும். இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் யுஎஸ்எஸ்டி (இப்படி *, # போட்டு அடிக்கும் கோடுகள்) வழி கால் ஃபார்வர்டிங்கை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்பதை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். பழைய பேட்டரியும் அதைத்தான் செய்யும். எஸ்எம்எஸ் திருடும் ஆப் சார்ஜை அவ்வளவாகத் தின்பதும் இல்லை. அனுமதிப் பட்டியலைப் பாருங்கள், அங்கேதான் பிடிபடும்.

கம்பிவடம்

வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ (அதே கணக்கு திறந்திருக்கும் மற்ற சாதனங்கள்) பார்த்து, தெரியாத ஒவ்வொன்றையும் லாக் அவுட் செய்யுங்கள். பிறகு 6 இலக்க டூ-ஸ்டெப் பின் போடுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் வேறு போனிலிருந்து மாற்ற வேண்டும். அந்தப் போனிலேயே மாற்றினால் புது பாஸ்வேர்டும் அவன் கண்ணில் படும். கணக்கின் ‘சாதனங்கள்’ பட்டியல், மீட்பு நம்பர், மீட்பு மெயில், ஜிமெயில் ஃபார்வர்டிங் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பனங்காடு

நன்றி ஐயா. கார்டு விவரம் அடிக்கவில்லை என்கிறார் அப்பா. டெபிட் ஃப்ரீஸ் ஆகிவிட்டது. ஆப் பட்டியலில் ஐகான் இல்லாமல் ‘கஸ்டமர் சப்போர்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பக்கம் திறந்தால் தானாக மூடிக்கொள்கிறது.

சுத்தியல்

அப்படியென்றால் அக்சசிபிலிட்டியும் டிவைஸ் அட்மினும் (போனின் நிர்வாகி அனுமதி) அதன் கையில் இருக்கின்றன. திரையைப் படிப்பது, நீங்கள் அழுத்துவதற்கு முன் ‘பேக்’ அழுத்துவது எல்லாம் அக்சசிபிலிட்டி வேலை. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு இந்த அனுமதியை எளிதில் தரவிடாத ஒரு தடுப்பு இருக்கிறது. 12இல் அது இல்லை.

எதையும் நீக்குவதற்கு முன் வேறு போனால் படம் எடுங்கள்: அந்த ஆப்பின் பெயர்ப் பக்கம், ஃபைல் வந்த சாட், அனுப்பிய நம்பர், நேரம். *#06# அடித்து ஐஎம்இஐயை (போனின் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். அந்த சாட்டை அழிக்காதீர்கள்.

பிறகு சேஃப் மோட். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். சில கம்பெனி போன்களில் மறுதொடக்கத்தின்போது வால்யூம் டவுனைப் பிடிக்க வேண்டும். சேஃப் மோடில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது, அதனால் செட்டிங்ஸ் மூடிக்கொள்ளாது. முதலில் ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ பக்கத்தில் அதன் டிக்கை எடுங்கள். பட்டன் மங்கியிருப்பதற்குக் காரணம் அதுதான். பின்னர் அக்சசிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் அணுகல், டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் மூன்றையும் சரிசெய்து, அன்இன்ஸ்டால்.

ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முதல் எபிகே வெறும் வாசல். ‘அப்டேட்’ என்று சொல்லி இரண்டாவது ஒன்றை இறக்கியிருக்கலாம். ஒவ்வொரு ஆப்பின் தகவல் பக்கத்திலும், கீழே, எங்கிருந்து நிறுவப்பட்டது என்று இருக்கும். ப்ளே ஸ்டோரோ போன் கம்பெனியின் ஸ்டோரோ இல்லாததெல்லாம் சந்தேகத்துக்குரியது. ‘தெரியாத ஆப் நிறுவுதல்’ பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றையும் அணையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் ரீசெட் அடிக்கவே சொல்வேன். அக்சசிபிலிட்டி கொடுத்த போனில் பேங்க் ஆப் வைப்பதற்கு அதுதான் குறைந்தபட்சம். போட்டோ, காண்டாக்ட் மட்டும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பின் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் அந்த எபிகேயும் கூடவே வரும். ரீசெட்டை செட்டிங்ஸ் வழியாகவே செய்யுங்கள். ரிகவரி (போன் தொடங்கும்போது பட்டன்களைப் பிடித்துத் திறக்கும் மெனு) வழியாகப் போனால், போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 12க்கு கூகுள் பாதுகாப்பு பேட்ச் தருவது 2025இல் நின்றுவிட்டது. அப்பாவின் பேங்க் ஆப் இனி அந்தப் போனில் வேண்டாம்.

நீலக்குயில்

புகார் பற்றி: பணம் போனால் தாமதிக்காமல் 1930 (சைபர் மோசடி உதவி எண்). புகார் சீக்கிரம் போனால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம். அடுத்த நாள் என்றால் ஏடிஎம்மில் எடுத்திருப்பார்கள். பணம் போகாத உங்கள் நிலையில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள், ஃபைல் அனுப்பிய நம்பரை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்பு, மெசேஜ் பற்றிப் புகார் சொல்லும் சக்ஷு பகுதியில் சேருங்கள். சஞ்சார் சாத்தியிலேயே அப்பா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

பேங்கிடம் எழுத்தில் சொன்ன நேரம் முக்கியம். 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடியில் புகார் சொல்லும் வரையிலான இழப்பு அவர் தலையில். சொன்ன பிறகு நடப்பது பேங்கின் பொறுப்பு. போனில் சொன்னதோடு விடாமல் ஒரு மெயிலும் தட்டிவிடுங்கள்.

சுத்தியல்

குரூப் அட்மின்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். அப்பா அனுப்பிய ஃபைலை அட்மின் எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும். ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் போனில் ஃபைல் இருக்கலாம். ‘யாராவது இன்ஸ்டால் பண்ணினீங்களா’ என்று குரூப்பில் கேட்டால் கூச்சப்பட்டு வாய் திறக்க மாட்டார்கள். பெரியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.