பத்தாவது முடித்த பெண்ணுக்கு நர்சிங் குரூப்பா, பியூர் சயின்ஸா?

வைகைக்கரை:
அண்ணன் மகள் பத்தாவதில் 352 வாங்கியிருக்கிறாள். அறிவியல் 78, கணக்கு 41. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். நர்ஸ் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் குரூப் இருக்கிறது. அங்கே டீச்சர் "இதிலேயே சேருங்கள், ரெண்டு வருஷத்தில் ஆஸ்பத்திரி பழகிவிடும்" என்கிறார். டியூஷன் சாரோ கண்ணை மூடிக்கொண்டு பியூர் சயின்ஸ் (இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்கும் குரூப்) போடச் சொல்கிறார். அண்ணன் முடிவை என் தலையில் கட்டிவிட்டார். அடுத்த வாரம் அட்மிஷன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் டூட்டி அக்கா:
பியூர் சயின்ஸ் தான். நான் ஸ்டாஃப் நர்ஸ், அனுபவத்தில் சொல்கிறேன். நர்சிங் குரூப்பில் உயிரியல் உண்டு, ஆனால் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. பி.எஸ்சி நர்சிங் சேர இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து குறைந்தது 45 சதவீதம், கூடவே ஆங்கிலத்தில் தேர்ச்சி. படிக்காத பாடத்துக்கு மார்க் எங்கிருந்து வரும்? நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு நர்சிங் குரூப்பில் சேர்கிற பிள்ளைக்குத்தான் நர்சிங் டிகிரி கிடைக்காமல் போகிறது. அட்மிஷன் மேசையில் இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ரேடியாலஜி, டயாலிசிஸ் பி.எஸ்சி பக்கம் போக நினைத்தாலும் இதே சிக்கல்தான்.

சாக்பீஸ்:
அக்கா சொல்லும் விதி சரி. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நான் தொழிற்கல்வி ஆசிரியர், நர்சிங் பிரிவுதான் எடுக்கிறேன்.

நர்ஸ் ஆக பி.எஸ்சி ஒன்றுதான் வழியா? ஜி.என்.எம். என்கிற பொதுச் செவிலியர், பேறுகால உதவி டிப்ளமோ மூன்று வருடம். அதற்கு கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் சேரலாம், அறிவியல் என்றால் முன்னுரிமை. மொத்தத்தில் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் 40. முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டு வருடம். மூன்றும் இரண்டும் ஐந்து. நேராகப் போனால் நான்கு. ஒரு வருட வித்தியாசத்துக்காக ஒரு பெண்ணை இயற்பியலில் தள்ளி, பிளஸ் ஒன்னிலேயே தடுமாற விட்டு, "எனக்குப் படிப்பு வராது" என்று வீட்டில் உட்கார வைப்பதா? அப்படி உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் உடற்கூறியல், முதலுதவி, ஊட்டச்சத்து, தொற்றுத் தடுப்பு எல்லாம் பாடம். நாடி, காய்ச்சல், பி.பி. பார்ப்பது, படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது, கட்டுப் போடுவது எல்லாம் கையால் செய்ய வைக்கிறோம். அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போகிறோம். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் பிள்ளை யார் என்று எங்களுக்குப் பதினாறு வயதிலேயே தெரிந்துவிடும். டிகிரி காலேஜில் ஒரு வருட ஃபீஸ் கட்டிய பிறகு தெரிவதைவிட அது மேல் இல்லையா?

நைட் டூட்டி அக்கா:
டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த "ஒரு வருடம்" காகிதத்தில்தான். அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம். இடத்துக்கு எவ்வளவு போட்டி என்று உங்களுக்கே தெரியும். அது கிடைக்காவிட்டால் தனியார். மூன்று வருடம் ஃபீஸ் கட்டி, அப்புறம் போஸ்ட் பேசிக் சேர இன்னொரு முறை ஃபீஸ். டிப்ளமோவோடு நின்றுவிட்டவர்கள்தான் அதிகம், குடும்பம், கல்யாணம் என்று. எங்கள் வார்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், வேலையில் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் ஜி.என்.எம். முடித்தவர்கள். ஆனால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை என்று வரும்போது டிகிரி கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஜி.என்.எம். படிப்பையே நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபட்டது நினைவிருக்கும். நிறுத்தவில்லை, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

பெட் மேக்கிங் எங்களுக்கும் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு ரெண்டு வருடம் முன்கூட்டியே போக வேண்டாம்.

சான் ஹோசே சித்தப்பா:
வெளியூர்க்காரன் குறுக்கே பேசுகிறேன். இங்கே கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கே நர்சிங் உதவியாளர் பயிற்சி இருக்கிறது, சி.என்.ஏ. என்பார்கள். 16 வயது ஆகியிருந்தால் போதும். அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கேட்கிறது, கலிஃபோர்னியா அதை 160 ஆக்கியிருக்கிறது: வகுப்பில் 60, நோயாளிகளிடம் 100. தேர்வு எழுதித் தேறினால் மாநிலச் சான்றிதழ். அதை வைத்து முதியோர் இல்லத்தில் சட்டப்படி சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கல்லூரி போகலாம். இதற்காக அந்தப் பிள்ளைகள் வேதியியலை விட வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

மிளகாய்ப்பொடி:
அமெரிக்கப் புராணம் ஆரம்பம் 🙏 வைகைக்கரை கேட்டது தேனிப் பக்கத்துப் பிள்ளைக்கு.

சான் ஹோசே சித்தப்பா:
புராணம் இல்லை தம்பி. நான் கேட்பது ஒன்றுதான்: நம்மூர் பிளஸ் டூ நர்சிங் முடித்தால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து என்ன வேலைக்குச் சட்டப்படி போக முடியும்?

லேப் கோட்:
நர்ஸாக எதற்கும் போக முடியாது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), ஜி.என்.எம்., பி.எஸ்சி நர்சிங் இவற்றில் ஒன்று வேண்டும். பிளஸ் டூ நர்சிங் குரூப் அதில் வராது. ஆனால் நடப்பது வேறு. சின்ன நர்சிங் ஹோம்கள் இந்தப் பிள்ளைகளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டு, ஊசி போட வைத்து, சொற்ப சம்பளம் கொடுக்கின்றன. ஏதாவது தப்பாகிவிட்டால் முதலில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதே கதை, பெயர் வேண்டாம்.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டு மாடியில் "ஒரு வருட நர்சிங், நூறு சதவீத வேலை" என்று போர்டு வைத்திருக்கும் இடங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. ஒரு வருடப் படிப்புதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே டயாலிசிஸ், மயக்கவியல், அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்று சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கும் பிளஸ் டூவில் அறிவியல் கேட்பார்கள்.

சாக்பீஸ்:
சித்தப்பா கேட்டதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்வியும் கூடவே வந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் பிரிவையே மூடிவிடுகிறார்கள். குறை படிப்பை வடிவமைத்தவர்களுடையது. அதற்காக வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "இங்கே வராதே" என்று விரட்டினால் எப்படி? பியூர் சயின்ஸ் தாங்காத பிள்ளைக்கு என்னதான் மாற்று வைத்திருக்கிறீர்கள்?

நைட் டூட்டி அக்கா:
படிப்பைச் சரிசெய்யப் போராடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது சரியாகிற வரைக்கும் அந்தப் பெண் ஏன் காத்திருக்க வேண்டும்? இயற்பியலும் வேதியியலும் சேர்த்து அது ஒரு குரூப்பாக வரட்டும், என் மகளையே அங்கே சேர்க்கிறேன்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கணக்கில் 41 தான் எனக்குப் பயம். பியூர் சயின்ஸில் கணக்கு இல்லை என்கிறார்கள், உண்மையா?

நைட் டூட்டி அக்கா:
கணக்குத் தனிப் பாடமாக இல்லை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இயற்பியலில் கணக்குகள் வரும், மறைக்கவில்லை. ஆனால் செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 வாங்கி மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. அறிவியலில் 78 வாங்கியவள் இதில் கவிழ மாட்டாள்.

சாக்பீஸ்:
தேர்ச்சி வேறு, அரசு நர்சிங் கல்லூரி சீட் வேறு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. அரசு இடம் வேண்டும் என்றால் 45 சதவீதம் என்ன, 75-ம் போதாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நைட் டூட்டி அக்கா:
சரி, சொல்கிறேன். அரசு சீட் கிடைக்காமல் போகலாம். அப்போதும் பியூர் சயின்ஸ் முடித்தவளுக்கு ஜி.என்.எம். இருக்கிறது, அதில் முன்னுரிமையும் இருக்கிறது. உங்கள் குரூப்பில் முடித்தவளுக்கு பி.எஸ்சிக்குத் திரும்பி வர நேர்வழி இல்லை. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

லேப் கோட்:
எந்த குரூப் எடுத்தாலும் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வரும், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்து வந்தவள், கடைசி ரெண்டு வருடத்தில் அதை இழக்க வேண்டாம்.

வைகைக்கரை:
நேற்று இரவு இதையெல்லாம் அவளிடமே படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு "பிசிக்ஸ் படிக்கிறேன் சித்தப்பா, டியூஷன் மட்டும் வைச்சுக் கொடுங்க" என்றாள். பியூர் சயின்ஸ் உள்ள அரசுப் பள்ளி கொஞ்சம் தூரம், பஸ் பாஸ் கிடைத்துவிடும். டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன்: காலாண்டுத் தேர்வில் பிசிக்ஸ் சுத்தமாக ஓடவில்லை என்றால் உங்கள் குரூப்புக்கு மாற்ற முடியுமா?

சாக்பீஸ்:
காலாண்டு வரை விடாதீர்கள், அதற்குள் எங்கள் செய்முறைப் பாடம் வெகுதூரம் போயிருக்கும். ஜூலையில் வகுப்புத் தேர்வுத் தாளை நீங்களே வாங்கிப் பாருங்கள். மாற்றுவதென்றால் அப்போதே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், இடம் இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன்.